விரதம் இருந்தவர்களின் ரத்தம்

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் இதயச் சுவரில் ஒரு பக்கம் செத்துப்போய் பலூன் மாதிரி உப்பிவிட்டது. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் அங்கேயே தேங்கியது. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உப்பின பகுதியை வெட்டியெடுத்துத் தைத்துவிடலாம், கோலாலம்பூர் போங்கள் என்றார் டாக்டர். எண்பதுகளில் ஈப்போவில் அதெல்லாம் ஏது.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நம் ஆட்கள் ரத்தம் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் தேதி இன்னொருவருக்குப் போய்விடும். அடுத்த தேதி வரை அப்பா தாங்கமாட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அப்பா முன்பு பால்மரம் வெட்டிய ரப்பர் எஸ்டேட்டிலிருந்து ஒரு லாரி ஆட்களோடு அத்தை வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா. வந்தவர்கள் எல்லாரும் நல்ல கட்டுமஸ்து. எனக்கு உயிர் வந்தது.

மலாய்க்கார நர்ஸ் ஊசியை எடுக்குமுன் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். முதல் ஆள் பெருமையாக இல்லை என்றார். அடுத்தவரும் இல்லை. ஒருத்தர் வாயிலும் நேற்றிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் படவில்லை. அப்பா பிழைக்க முருகனுக்கு விரதமாம், அத்தையின் ஏற்பாடு. வெறும் வயிற்றோடு கொடுத்தால் மயங்கி விழுவார்கள் என்று நர்ஸ் ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

கான்டீனுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. விரதத்தை முறித்தால் அப்பாவுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

"தம்பி உசுரு புள்ள. வெளையாடாத," என்றார் அத்தை.

"அதான் அத்தே நானும் சொல்றேன். டாக்டர் ரத்தம்தான் கேட்டாருலா, பட்டினியா கேட்டாரு?"

அத்தை முறைத்தார். வயதாகிவிட்டது என்று அவரிடம் ரத்தம் எடுக்க மறுத்துவிட்டார்கள், அந்தக் கடுப்பு வேறு. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரு வெரதத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். முருகங்கிட்ட சொல்லிட்டேன். போங்க, போய்ச் சாப்புடுங்க."

கான்டீனில் ரொட்டி சானாய் தீர்ந்துபோனது. ஒருத்தர் மட்டும் மீன் குழம்பு ஊற்றிக்கொள்ளலாமா என்று தயங்கினார்.

"ஒனக்கு ஏது இப்ப வெரதம்? ஊத்திக்க," என்றார் அத்தை.

மத்தியானத்துக்குள் தேவையான ரத்தம் சேர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். உப்பின பகுதியை எடுத்தாயிற்று, மிச்ச இதயம் நன்றாகவே வேலை செய்கிறது என்றார். அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அவர் அழவில்லை, கும்பிடவுமில்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தே தாரே ஒன்னு வாங்கிட்டு வா புள்ள. சீனி தூக்கலா."

டீ வாங்க ஓடினேன்.