சிவப்புப் பிளாஸ்டிக் கட்டிய இடம்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு என்னுடையது. அதற்கப்புறம் ஒரு வேலி, வேலிக்கு அப்புறம் தேயிலை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் ஐந்து வாண்டுகள். பெரியதற்கு ஐந்து வயது, சின்னதற்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது. லயத்தில் இன்னமும் என் வீட்டை, பழைய பிள்ளைக்காப்பகத்தின் பேரில், ஆயாக் கொட்டகை என்றுதான் சொல்கிறார்கள். நான் முறைத்தால் மட்டும் 'டீச்சர் வீடு' என்று திருத்திக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு நான் அத்தை. எனக்கு அது போதும்.

ஐந்தையும் வீட்டுக்குள் அடைத்து வைக்க என்னால் ஆகாது. அடைத்தால் முதலில் பைத்தியம் பிடிப்பது எனக்குத்தான். மழை விட்டதும் பூட்ஸை மாட்டிப் பின்பக்கம் அனுப்பிவிடுவேன். அங்கே வெட்டாமல் விட்டுப்போன பழைய தேயிலைச் செடிகள் சில, கூரை உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. சும்மா விட்டால் தேயிலையும் மரம்தான். போட்டோ எடுக்க வருகிற டவுன்காரர்கள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே "இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்வேன்.

அந்த மரங்களுக்கு அடியில்தான் எங்கள் படிப்பு, விளையாட்டு எல்லாம். பாசியைப் பிய்த்துப் பொம்மைக்கு மெத்தை போடுவார்கள். வெங்காய வலைப்பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கொழுந்து எடுப்பார்கள். இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தராசு செய்து கொடுத்திருந்தேன். நிறுவை நடக்கும்போது வேலையை மேய்க்கிற கங்காணியாக இருக்கிற பிள்ளையின் மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! "இலை ஈரமா இருக்கு. தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு, போ லா!" என்று கையை வீசும். "ரெண்டா? ஒண்ணுதான் கழிக்கணும்!" என்று மற்றவை சண்டைக்குப் போகும். கழித்தல் கணக்கை நான் வேறு எங்கே கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுப்பது?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாட மாட்டேன். எங்கள் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த இடத்தில் சிவப்புப் பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குச்சியிலோ கிளையிலோ கட்டிவைப்பார்கள். அதை அவிழ்க்கிற வரைக்கும் யாரும் அங்கே கால் வைக்கக்கூடாது, ஒரு இலையைத் தொடக்கூடாது. ரோட்டோரம் நடக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணில் பட்டால், ஐந்தும் கையைக் கோத்துக்கொண்டு அப்படியே திரும்பி நடக்க வேண்டும். பேச்சு இன்னும் சரியாக வராத சின்னப் பயல்கூடத் திரும்பிவிடுவான். அவனுக்கு அப்பனிடம் பயமில்லை, என்னிடம் சுத்தமாகப் பயமில்லை, மருந்து என்றால் மட்டும் அழுவான்.

இந்த ஐந்தில் ஒரு பெண்பிள்ளைக்கு மூச்சு இழுக்கிற இளைப்பு உண்டு. நான்கு வயது, கோழிக்குஞ்சு மாதிரி உடம்பு. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதன் அம்மா கீழே எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் வேலை செய்கிறாள். பிள்ளையை விட வரும்போதெல்லாம் அவளுக்கும் எனக்கும் ஒரு முட்டல்.

"அக்கா, மண்ணுல உருளவா நான் இவள இங்க விடுறேன்? டவுன்ல பாலர் பள்ளிப் புள்ளைங்க ஏபிசிடி பூரா சொல்லுதுங்க. இவ என்னடான்னா இலைய நிறுக்குறா."

"நிறுக்கட்டுமே. எழுத்து எங்க ஓடிறப் போவுது?"

"ஒங்களுக்கு வெளாட்டா இருக்கு. இன்னொரு தடவ இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்கா. அப்புறம் இவள இங்க அனுப்ப மாட்டேன். சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாய் நீளமானவள் நான், அன்றைக்கு மட்டும் பிள்ளையின் பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். ஒற்றைப் பிள்ளைக்காரி, அவள் பயம் அவளுக்கு.

அந்த வாரம் முழுக்க மழை. எனக்குச் சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. ஒரு நாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்ததும் பிள்ளைகளைப் பின்பக்கம் விட்டுவிட்டு, குசினி ஜன்னல் வழியாக ஒரு கண்ணை அவர்கள் மேல் வைத்துக்கொண்டே சோற்றை வடித்தேன். வடித்து முடித்து மைலோ கலக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு தேயிலை மரங்களுக்கு நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு ஓரடி இந்தப் பக்கம் ஐந்தும் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு சட்டி. சட்டியில் நசுக்கின இலை, பச்சை நிறத்தில் தண்ணீர். ஆளுக்கொரு சிரட்டை கையில். இளைப்புக்காரப் பிள்ளையின் வாயெல்லாம் பச்சை.

மைலோ எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியாது. "அடப்பாவிகளா, துப்புங்கடா! துப்பு, துப்பு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "எங்கடி பறிச்சீங்க இந்த இலைய?" என் குரலைக் கேட்டு எல்லாம் திருதிருவென்று முழித்தன. சின்னப் பயல் ஓவென்று அழ ஆரம்பித்தான். அந்தப் பெண்பிள்ளைதான் எழுந்து நின்று சிவப்பைக் காட்டிச் சொன்னது: "அத்தை, கிட்டப் போகாதீங்க. மருந்து அடிச்சிருக்கு."

முருகா! இதுவே சொல்கிறதே!

இரண்டை இடுப்பில் அள்ளி, மூன்றை முன்னால் தள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஒவ்வொன்றின் வாயையும் கழுவினேன், கையைத் தேய்த்தேன், மறுபடி வாயைக் கழுவினேன். கங்காணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். குளிரில் நடுங்கியதா, மூச்சுத்தான் இழுக்கிறதா, ஒன்றும் விளங்கவில்லை. அதன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஓடியா, மருந்தடிச்ச இலையக் கரைச்சுக் குடிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

கடை ஏப்ரனோடு மோட்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, "வாயத் தொற, ஆ காட்டு, அம்மாகிட்ட ஆ காட்டு" என்றாள். வாய்க்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா... இது புதினா வாசம்."

அந்த நேரம் பார்த்துக் கங்காணியிடமிருந்து போன். மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"ஏம்மா, ஒரு வாரமா கொட்டுற மழையில எவனாச்சும் மருந்து அடிப்பானா? அடிச்சா எலையிலயா நிக்கும்? ஓடையிலதான் போவும். தோட்டத்துலயே பொறந்து வளந்த ஆளு, நீயே இப்படிக் கேக்குற!"

மழைக்காலத்தில் மருந்து அடிக்க மாட்டார்கள். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். சிவப்பைக் கண்ட மாத்திரத்தில் அத்தனையும் மறந்து போயிற்று. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது எனக்கு அன்றைக்குக் குழாயடி ஈரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தபடி வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, அடைத்திருந்த மூக்கு அப்போதுதான் திறந்தது. சுற்றிலும் ஒரே புதினா. என் குசினி வாசலில் நான் நட்டு வளர்த்த புதினா, ஒரு காம்பு மிச்சமில்லாமல் மொட்டையாக நின்றது. தேத்தண்ணி போட்டுக் குடித்திருக்கிறார்கள்!

"அப்ப அந்தச் சிவப்ப யாருடி கட்டுனது?" அம்மாக்காரி கேட்டாள்.

"நாந்தான்," என்றது பிள்ளை.

பிரிஞ்சாங் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையிலிருந்து நான் காய்கறி வாங்கி வந்த சிவப்புப் பை. கொடியில் காயப்போட்டிருந்ததைக் கிழித்து முடிச்சுப் போட்டிருக்கிறது.

"எதுக்கு?"

பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நானும் பின்னால் போனேன். சிவப்புக்கு இந்தப் பக்கமே எங்கள் இருவரையும் நிறுத்தி, விரலை வாயில் வைத்து, மரத்தின் தாழ்ந்த கவட்டையைக் காட்டியது. பாசியும் நாரும் வைத்துப் பின்னிய ஒரு சின்னக் குருவிக்கூடு. அதில் முட்டைகள்.

"சின்னத் தம்பி இருக்கான்ல, அவன் கறி ஆக்கணும்னு எடுக்கப் போனான்மா. வேணாம்னு சொன்னேன், கேக்கல. மருந்து அடிச்சிருக்குன்னு சொன்னேன். இப்ப போக மாட்டான்."

கூட்டைக் கிட்டத்தில் பார்க்கிற ஆசையில் அம்மாக்காரி ஓரடி முன்னால் வைத்தாள். பிள்ளை இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றது. "அம்மா! சிவப்புக் கட்டியிருக்குல்ல?" அவள் மறுபேச்சில்லாமல் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் எத்தனை தடவை கவனித்துவிட்டேன்!

சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்திக்கொண்டு அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். நாளைக்குப் பிள்ளை வருமா என்று நான் கேட்கவில்லை. உருட்டி மிரட்டி ஊரைக் கூட்டினவள் நான்தானே. அன்று ராத்திரி புருஷனிடம், "அவ வேற எடம் பாத்துருவா, நீ வேணா பாரு" என்று புலம்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் மோட்டர் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பிள்ளை என்னைத் தாண்டிப் பின்பக்கம் ஓடியது, கூட்டைப் பார்க்க. அம்மாக்காரி எஞ்சினை அணைக்காமலே பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினாள். சதுரமாக மடித்த புது சிவப்புப் பை ஒன்று.

"மழையில அது கிழிஞ்சிருச்சுன்னா இதக் கட்டிக்கச் சொல்லுங்கக்கா," என்றாள். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வேணும்ல?"