நாஸ்போ கேட்ட அடைக்கலம்

பத்தொன்பது வயதில் பிஜார் கானுக்குப் பலூச்சிக் குலத் தலைவருக்குரிய சர்தார் தலைப்பாகை கட்டினார்கள். தகப்பன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு சுற்றாகச் சுற்றியதில் கழுத்தே வலித்தது என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். தண்ணீர்த் தகராறோ கொலையோ, குலத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிறகு தேர்தல் வந்தது. குலம் மொத்தமும் அவருக்கே ஓட்டுப் போட, குவெட்டா சட்டசபையில் போய் உட்கார்ந்தார். மேடைப் பேச்சு பழகியது, கூடவே பதவி ஆசையும்.

அவர் வீட்டு மதிலோரம் மூன்று வருடமாக ஜியந்த் குடியிருந்தான். வேறு குலத்தான். பழிச் சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டு, மனைவி நாஸ்போவோடு ஓடிவந்து அடைக்கலம் கேட்டவன். அவனைத் தொட்டால் சர்தாரையே தொட்ட மாதிரி. பலூச்சிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனைத் தேடிய குலத்தின் தலைவரும் சட்டசபையில்தான் இருந்தார். பிஜார் மந்திரியாக அவருடைய ஆதரவு தேவைப்பட்டது. அதற்காக அடைக்கலம் வந்தவனைப் பிடித்துக் கொடுப்பாரா? சேச்சே! "ஜியந்த், கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் நம்ம குதிரையைப் பாத்துட்டு வாடா" என்று மட்டும் சொன்னார். யார் அங்கே காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கணவாயைத் தாண்டினால் தன் எல்லை இல்லை, பொறுப்பும் இல்லை என்று மனசுக்குள்ளேயே ஒரு வக்கீலை வைத்து வாதாடிக்கொண்டார். அவர் ஜியந்தை அனுப்பியபோது நாஸ்போ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜியந்த் பிணமாகத்தான் திரும்பினான். முகத்துணியை விலக்கிப் பார்க்கப் பிஜாருக்குத் துணிவில்லை.

பதினைந்தே நாளில் மந்திரியாக ஊருக்கு வந்தார். நெருப்பைச் சுற்றி ஆட்டுத்தொடைகள் வெந்துகொண்டிருந்தன. பலூச்சி வழக்கப்படி, வெளியூர் போய் வந்தவர் முதலில் சேதி சொல்ல வேண்டும். கண்டதையும் செய்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"சேதி சொல்லுங்க, சர்தாரே" என்றார் பெரியவர் மீர்தோஸ்த்.

உண்மையைச் சொன்னால் தலைப்பாகை போய்விடும். பிஜார் தொண்டையைச் செருமினார். "எல்லாம் நல்ல சேதிதான். ரோடு வருது, ஆஸ்பத்திரி வருது. ஜியந்த்தான் பாவம், சொல்லச் சொல்லக் கேக்காம எல்லை தாண்டிட்டான்."

நாக்கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு உடம்பே கூசியது.

நாஸ்போ ஆண்கள் நடுவே வந்தாள். சர்தாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. செருப்புகள் கிடந்த ஓரத்தில், பதினோரு ஆடும் ஒரு கிழிந்த கூடாரமுமே சொத்தாக இருந்த ஷம்பேயின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு அடைக்கலம் கொடுங்க."

ஷம்பே பதறி எழுந்தான். "சர்தார் வீட்ல இருக்கிற உனக்கு நான் எதுக்கு, தங்கச்சி?"

அவள் நகராமல் அங்கேயே நின்றாள். அடைக்கலம் தருபவன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஷம்பே அதைக் கேட்டான்.

"யார்கிட்டேயிருந்து உன்னைக் காப்பாத்தணும்?"

நாஸ்போ கையை நீட்டிப் பிஜாரைக் காட்டினாள்.

மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று பிஜார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மீர்தோஸ்த் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வா தங்கச்சி" என்ற ஷம்பே, கைத்தடியோடு அவளுக்கும் சர்தாருக்கும் நடுவே வந்து நின்றான். அவமானத்தில் குனிந்த மந்திரியின் தலை நிமிரவில்லை.