ரெண்டு ஸ்டார்தான் கொடுத்தேன்

அந்த கேமுக்கு நான் ஐந்துக்கு இரண்டு ஸ்டார் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் இரண்டுதான். கடைசியில் நான் மனசு மாறி மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில் அண்ணி ஒரு மெஸ் நடத்துகிறார். அண்ணன் கரும்பு லாரி ஓட்டுகிறவர். சீசனில் வீட்டுப்பக்கமே வர மாட்டார். மெஸ் முழுக்க அண்ணியின் பாடு. நான் கள்ளக்குறிச்சியில் டிகிரி முடித்துவிட்டு, ஒரு ஜவுளிக் கடையில் கொஞ்ச காலம் நின்று பார்த்துவிட்டு, அது சரிப்படாமல் அண்ணியோடு சேர்ந்துகொண்டேன். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பின்பக்கத் தகர ஷெட்டில் உட்கார்ந்து போனில் கேம் ஆடுவேன். ஆடி முடித்ததைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவேன். என் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்கும், டவுன் பஸ் ஹாரன் கேட்கும். அதையெல்லாம் நீக்க எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நீக்க மாட்டேன். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். முடிக்காத கேமுக்கு மார்க் போட மாட்டேன்.

இது ஒரு கேமின் மூன்றாவது பாகம். முதல் இரண்டு பாகங்கள் என்றால் எனக்கு உயிர். அதற்குத் தமிழில் ஒரு ரசிகர் குரூப் இருந்தது. ஆரம்பித்த நாளிலிருந்து நான் அதில் இருந்தேன். எந்தச் சுவரில் ஏறினால் காவல்காரன் பார்க்க மாட்டான் என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, முகமே தெரியாத ஒரு பையன் தினமும் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினான். சொந்தக்காரர்கள்கூட அப்படிக் கேட்கவில்லை. அந்த குரூப்பை நான் வீடு மாதிரி நினைத்தேன்.

மூன்றாவது பாகம் வந்ததும் ஆடினேன். நல்லதை நல்லது என்றே வீடியோவில் சொன்னேன். மழையை நன்றாகச் செய்திருந்தார்கள். இலையில் மழை விழுகிற சத்தத்துக்காகவே ஒரு ஸ்டார் கொடுக்கலாம். ஆனால் தோட்டா தீர்ந்தால் விளம்பரம் பார்க்க வேண்டும். கதை பழைய கதை. அதைக்கூட விட்டுவிடலாம். நடுவில் ஒரு மலைக் கிராமம் வருகிறது. அங்கே கையில் கொடுவாளோடு வருகிற ஆள் எல்லாம் எதிரி. சுட்டால் பாயிண்ட். தலையில் விறகுக் கட்டோடு ஓடுகிற பொம்பளையைச் சுட்டாலும் பாயிண்ட். ஏன் அவர்கள் எதிரி என்று ஒரு வரி கிடையாது. மலையில் இருக்கிறார்கள், கையில் கொடுவாள் இருக்கிறது, அது போதும். நான் அங்கே யாரையும் சுடாமல், ஒளிந்து ஒளிந்து தாண்டித்தான் கேமை முடித்தேன்.

எங்கள் மெஸ்ஸில் மதியம் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் கொடுவாளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வருகிறவர்கள். கரும்பு வெட்டுகிற ஆட்கள், மலையிலிருந்து இறங்கி வருகிற சனம். என் அம்மாவும் விறகு சுமந்தவள்தான். அதனால் வீடியோவில் இப்படிச் சொன்னேன்: "அந்த இடத்துல என்னால சுட முடியல. விரல் நின்னுபோச்சு. விரல் நின்னுபோற கேமுக்கு நான் இன்னா மார்க் போடறது? ரெண்டு."

அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

சென்னையில் இருக்கிற ஒரு பெரிய விமர்சகர் கேம் வந்த அன்றே முழுசாக ஐந்து கொடுத்திருந்தார். குரூப் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் என் இரண்டு போய் விழுந்தது. கேம் இன்னும் டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கிறவன்கூடத் திட்டினான். கேமை கேமாகப் பார் என்றான் ஒருவன். போட்டிக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்றான் இன்னொருவன். பொம்பளைக்கு எதற்கு கேம், போய் தோசை ஊற்று என்றான் மற்றொருவன். தோசைதான் ஊற்றுகிறேன், ஊற்றிவிட்டுத்தான் ஆடுகிறேன் என்று பதில் போட்டேன். காய்ச்சல் விசாரித்த அந்தப் பையனும் வந்தான். "அன்னைக்கே டைபாய்டுல போயிருக்கலாம்" என்று எழுதினான்.

எனக்கு ஆதரவாக வந்தவர்களும் ஒழுங்கில்லை. இந்தப் பாகத்தில் ஹீரோவின் முகத்தை மாற்றிவிட்டார்கள் என்று கோபத்தில் இருந்த ஒரு கும்பல், என் வீடியோவில் ஒரு துண்டை வெட்டி, மேளச் சத்தம் சேர்த்து, "ஒரு பொண்ணே சொல்லிட்டா" என்று ஊரெல்லாம் பரப்பியது. மலைக் கிராமம் பற்றி நான் சொன்னதை வெட்டிவிட்டார்கள். இரண்டு என்ற எண் மட்டும்தான் அவர்களுக்குத் தேவை. அவர்களும் ஆடவில்லை. என்னை வீரமங்கை என்றார்கள். உங்கள் பட்டம் எனக்கு வேண்டாம் என்று எழுதினேன். அவர்களும் திட்ட ஆரம்பித்தார்கள்.

இதுவரைக்கும் என் பாடு. என்னால் தாங்க முடியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேறு. வீடியோவில் ஒரு கணம் எனக்குப் பின்னால் மெஸ் போர்டு தெரிந்திருக்கிறது. எவனோ அதை நிறுத்திப் படித்து, போன் மேப்பில் மெஸ்ஸைத் தேடிக் கண்டுபிடித்து, ஒற்றை ஸ்டார் போட்டான். பிறகு ஒரு படையே வந்து போட்டது.

சனி, ஞாயிறுகளில் அருவி பார்க்கப் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் மலைக்குப் போகும். அவர்கள் மேப்பில் ஸ்டார் பார்த்துத்தான் சாப்பிட இடம் தேடுவார்கள். அண்ணிக்கு அந்த இரண்டு நாள்தான் லாபம். மற்ற நாளெல்லாம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். அண்ணி போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னாடி இது? எவனோ கோயமுத்தூர்ல குந்திக்கினு என் குழம்புல புழு கீதுன்றான்?"

"கேம் ஆடறவங்க அண்ணி."

"கேம் ஆடறவன் கேம் ஆடட்டும். என் குழம்பு இன்னாடி பண்ணுச்சு?"

"நான் ரெண்டு ஸ்டார் குடுத்துட்டேன். அந்தக் கோவம்."

"அதுக்கு உன்னத்தான திட்டணும்?"

"என்னயும் திட்டிக்கினுதான் கீறாங்க."

அந்த சனிக்கிழமை கார்கள் வந்தன. எங்கள் வாசலில் மெதுவாகும். கண்ணாடிக்குள் ஒரு தலை குனிந்து போனைப் பார்க்கும். கார் போய்விடும். வடித்த சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் அண்ணி அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அந்த வீடியோவ தூக்கிடு."

"மாட்டேன்."

"என் பொழப்புடி இது. உனுக்கு வீம்பு, எனுக்குப் பொழப்பு."

அண்ணி சொன்னது நியாயம். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் புழு என்று பொய் எழுதினவன் ஜெயித்து, முடித்துவிட்டு மார்க் போட்ட நான் தோற்க வேண்டுமா? அப்படித் தோற்றால் நாளைக்கு எவனுக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் குழம்பில் புழு விடுவான். இதைச் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. இரண்டு நாள் எனக்குத் தட்டில் சோறு போட்டார், சாப்பிடு என்று வாயால் சொல்லவில்லை.

கரும்பு வெட்டுகிற கும்பலுக்கு ஒரு மேஸ்திரி உண்டு. தினமும் ஆட்களோடு எங்களிடம்தான் சாப்பிடுவார். அந்தக் கும்பலில் எதுவாக இருந்தாலும் மேஸ்திரி ஒருத்தர் பேசினால் எல்லாரும் பேசினதாகக் கணக்கு. வயல்காரரிடம் பேசுவதும் அவர்தான், குழம்பில் காரம் கம்மி என்று சொல்வதும் அவர்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"ஸ்டாரு போச்சுண்ணா. போன்ல கெட்டதா போட்டுட்டானுங்க."

"ஸ்டாருன்னா? ஓட்டு மாதிரியா?"

"அப்டித்தான் வச்சுக்கோ."

"அட, மொதல்லயே சொல்றதில்ல? ஓட்டு போட எங்களுக்குத் தெரியாதா? டேய், எல்லாரும் போன எடுங்கடா! துன்ன சோத்துக்கு ஓட்டு போடாத எவனும் நாளிக்கு வயக்காட்டுப் பக்கம் வரக்கூடாது!"

எல்லார் போனும் ஒரு பெஞ்சில் குவிந்தது. சில போன்களில் நெட் இல்லை. எங்கள் மெஸ் வைஃபையைப் போட்டுக்கொடுத்தார் அண்ணி. கும்பலில் வேகமாக எழுதத் தெரிந்த ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக எடுத்து ஐந்து ஸ்டார் போட்டார். என்ன எழுதுவது என்று கேட்டார். "சாப்பாடு சூப்பருன்னு எழுது, மேஸ்திரி சொன்னாருன்னு எழுது" என்றார் மேஸ்திரி. எல்லா போனிலும் அதையே எழுதினார். சாப்பாடு சூப்பர், மேஸ்திரி சொன்னாரு. நானும் தட்டு கழுவிக்கொண்டே சிரித்தேன். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையில் பார்த்தால் எல்லாம் போய்விட்டது. ஒரே இடம், ஒரே வைஃபை, ஒரே வாசகம். மேப்புக்காரர்களின் மெஷின் இது மோசடி என்று முடிவு செய்து மெஸ்ஸின் மொத்த விமர்சனத்தையும் துடைத்துவிட்டது. திட்டினதும் போனது, மேஸ்திரியின் ஓட்டும் போனது. அதோடு அண்ணி இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்த நிஜமான ஸ்டார்களும் போயின. உங்கள் கத்திரிக்காய்க் காரக்குழம்புக்காகவே மறுபடி மலைக்கு வந்தோம் என்று புதுச்சேரிக்காரர் ஒருவர் படத்தோடு எழுதியிருந்தார். அண்ணி அதைத் திறந்து திறந்து படிப்பார். அதுவும் போனது. அன்று அண்ணி அழுதார். மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டு, உள்ளே வராமல் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் புதிய ஒற்றை ஸ்டார்கள் வந்து விழுந்தன. இப்போது சராசரியைத் தூக்கிப் பிடிக்கப் பழைய ஸ்டார் ஒன்றும் இல்லை. மெஸ் வெறும் ஒரு ஸ்டாரில் நின்றது.

அப்போதுதான் குரூப் அட்மின் போன் பண்ணினான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணி பக்கத்தில் இருந்தார்.

"சிஸ்டர், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு. வீடியோவை எடுத்துட்டு, சின்னதா ஒரு ஸாரி போட்டுடுங்க. நான் பசங்ககிட்ட சொல்லி எல்லா ஸ்டாரையும் எடுக்கச் சொல்றேன்."

"நீங்க கேம முடிச்சீங்களா?"

"அது வந்து... ரெண்டாவது மிஷன்ல இருக்கேன் சிஸ்டர். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி."

"மலை கிராமம் வரைக்கும் வரவே இல்லயா?"

"அது மேட்டர் இல்ல சிஸ்டர்..."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி போனைப் பிடுங்கினார். "ஏம்பா, நாளிக்கு இதே நேரத்துக்கு போன் பண்ணு. நான் பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வீடியோவை அண்ணியே நீக்கப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த கேமக் காட்டு" என்றார்.

மலைக் கிராமம் வருகிற இடத்தைத் திறந்து போனைக் கொடுத்தேன். அண்ணி கடலை மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் இரண்டு தடவை செத்தார். பிறகு சுட ஆரம்பித்தார். கொடுவாள்காரர்களைச் சுட்டார். விறகுக் கட்டுப் பொம்பளையையும் சுட்டார். அண்ணியின் விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"ஏ, நல்லாகீதுடி!"

"அண்ணி, அந்தப் பொம்பள இன்னா பண்ணுச்சு?"

"பொம்மதானடி அது."

"கொடுவா வச்சிருந்தா சுட்டுடுவீங்களா?"

"எதிர்ல ஓடியாறவன சுடாம குந்த வச்சு சோறு போடுவாங்களா?"

"நம்ம மேஸ்திரி ஓடியாந்தா?"

"அவுரு எங்கடி ஓடறாரு, அவுருக்கு முட்டி வலி."

எனக்கு அந்த குரூப் மொத்தமும் சேர்ந்து வரவழைக்காத கோபம் வந்தது. பாத்திரம் கழுவாமல் கிடக்க, சாயங்காலம் வரை சண்டை போட்டோம். கதை சொல்ல வேண்டாமா என்றேன். கேமில் கதை எதற்கு என்றார். விளம்பரம் தொல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். கடைசியில் அண்ணி தீர்ப்புச் சொன்னார். "எனுக்கு மூணு. அந்த விளம்பரம் இல்லன்னா நாலு."

எனக்கு அப்போதும் எரிச்சல்தான். ஆனால் இத்தனை நாளில், ஆடிப் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போட்ட முதல் ஆள் அண்ணிதான்.

மறுநாள் அட்மின் சரியாகப் போன் பண்ணினான். அண்ணியே எடுத்தார்.

"தம்பி, நான் ஆடிட்டேன். எனுக்குப் புடிச்சிருக்கு. மூணு."

"சூப்பர்க்கா! அப்ப அந்த வீடியோவை..."

"இரு, முடிக்கல. எனுக்கு மூணு, அவுளுக்கு ரெண்டு. நேத்து வரைக்கும் நானும் தூக்குன்னு சொன்னவதான். இப்ப சொல்றேன், தூக்க மாட்டோம். நீ இன்னா, ரெண்டாவது மிஷன்ல குந்திக்கினு என் வூட்டுப் பொண்ண ஸாரி கேக்கச் சொல்ற? முடிச்சிட்டு வா. வந்து சண்ட போடு. சோறும் போடறேன்."

அவன் வைத்துவிட்டான். அன்று மாலையே என்னை குரூப்பிலிருந்து நீக்கினார்கள். ஒற்றை ஸ்டார்கள் இன்னும் வந்தன. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமைகளில் அண்ணி இப்போது அரிசி கம்மியாகப் போடுகிறார். மேஸ்திரி மறுபடி உள்ளே வந்து சாப்பிடுகிறார், போனை மட்டும் வெளியே எடுப்பதில்லை. வீடியோ அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் நின்றது. இறங்கியவர் போனைக் காட்டி, "ஒரு ஸ்டார்தான் இருக்கு, சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"துன்னு பாத்துட்டு நீங்களே சொல்லுங்க சார்" என்றார் அண்ணி.

குடும்பத்தோடு சாப்பிட்டார். குழம்பு நல்லாயிருக்கு, ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அண்ணி ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். "ஜாஸ்திதான்" என்றார். ரசம் நான் வைத்தது. ஸாரி சொல்லவில்லை. உள்ளே போய் வேறு ரசம் வைத்தேன்.