துண்டுத் தோலில் பூசிப் பார்த்த வெயில் கிரீம்

ஒரு பொருள் என் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது என்று நம்ப, எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

என் மகளுக்கு ஆறு வயது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே கன்னமும் கையும் தடித்துச் சிவந்துவிடும். அப்படிப்பட்டவள் பள்ளி விளையாட்டு விழா டிரில்லுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தினமும் மைதானத்தில் பயிற்சி. தோல் மருத்துவர் ஒரு சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். டியூபின் பின்புறம் ‘நானோ ஜிங்க் ஆக்சைடு’ என்றிருந்தது. நான் வேதியியல் படித்தவள். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துகள் தோலுக்குள் இறங்கிவிடுமோ என்று, படித்ததெல்லாம் பயப்படத்தான் உதவியது.

என் கணவருக்கு ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில், தோலுக்கு நிறம் ஏற்றும் பிரிவில் வேலை. டியூபைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா, நானோவா? எங்க செக்‌ஷன்ல நானோ கோட்டிங் ஸ்ப்ரே பண்றப்போ மாஸ்க் இல்லாம உள்ள வுட மாட்டாங்க.”

அவ்வளவுதான். டியூபை பீரோவுக்குள் வைத்துவிட்டு, கற்றாழையும் கேரட் விதை எண்ணெயும் சேர்ந்த மூலிகை கிரீம் ஒன்றை வாங்கினேன். ஆனால் அது வெயிலைத் தடுக்குமா?

“வெயில்ல கலர் நிக்குதான்னு நாங்க துண்டுத் தோலைக் காய வெச்சுத்தான் பார்ப்போம். நீயும் பாரேன்” என்று வெளிர் பழுப்பில் மூன்று துண்டுகள் கொண்டுவந்தார். ஒன்றில் மூலிகை, ஒன்றில் நானோ, ஒன்று சும்மா. ஒரு வாரம் மொட்டை மாடியில் கிடந்தன. சும்மா கிடந்தது வெளுத்திருந்தது. நானோ துண்டும் வெளிறித் தெரிந்தது. மூலிகைத் துண்டு மட்டும் நல்ல நிறமாக இருந்தது.

“பாத்தீங்களா? மூலிகைதான் ஜெயிச்சுது!”

மறுநாள் அதையே பூசி அனுப்பினேன். மாலையில் முகமெல்லாம் தடிப்போடு வந்தாள். “டீச்சர் என்னை நிழல்ல ஒக்கார வெச்சுட்டாங்கம்மா. இனிமே டிரில் வேணாமாம்.”

கணவர் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். நானோ துண்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். மேலே படிந்திருந்த வெள்ளை போனதும் பழைய நிறம் அப்படியே இருந்தது.

“எண்ணெய் குடிச்சா தோல் கறுக்கும். அதான் மூலிகைத் துண்டு வெளுத்தது தெரியல. தெனம் இதே வேலை பண்றேன், எனக்கே தோணல பாரு.”

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏம்மா, செத்த தோலுக்கு அரிக்குமா, எரியுமா? அதுல போய் டெஸ்ட் பண்ணீங்களா?” என்றவர் பொறுமையாக விளக்கினார். செடிச் சாறுகள் தோலுக்கு இதம் தரும், ஆனால் அவற்றை மட்டும் நம்பி வெயிலில் விட முடியாது. நானோ துகளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து, அதனால் ஸ்ப்ரே வேண்டாம். கிரீமாகப் பூசினால், இதுவரை பார்த்த அளவில் பெரும்பாலும் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. புண்ணிலும் கீறலிலும் மட்டும் படக்கூடாது.

‘இதுவரை பார்த்த அளவில்’ என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் முடிவெடுத்தேன். மகளின் முன்கையில் நானோ கிரீமைச் சிறிது பூசி மூன்று நாள் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பள்ளிக்குப் போய், அவளை மறுபடி டிரில்லில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, முழுக்கைச் சட்டைக்கும் தொப்பிக்கும் அனுமதி கேட்டேன். தலைமை ஆசிரியை தயங்கினார். கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. இப்போது அவள் இரண்டாம் வரிசையில் டிரில் ஆடுகிறாள், தடிப்பில்லாமல்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரிடம் இதைக் கேட்க மனமில்லை. இவளிடம் கொடுத்தால் தோழிகள் கன்னத்திலெல்லாம் பூசிவிட்டு வருகிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.