ஹாம்பர்க்கில் தாடிக்கு ஒரு கத்தி

ஹாம்பர்க்கில் முடிவெட்டிக்கொள்ள முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். பல் பிடுங்க என்றால் சரி, முடிக்குமா? வந்த புதிதில் நேராக ஒரு கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி காலி, கடைக்காரப் பெண்ணும் சும்மாதான் நின்றிருந்தார். "டெர்மீன் இருக்கிறதா?" என்றார், முன்பதிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இல்லை என்றதும் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் குறித்துக்கொண்டு எழுப்பி அனுப்பிவிட்டார். எங்கள் எம்.கே.பி. நகரில் தாஸ் சலூன் பொங்கலுக்கு முந்தின நாள் நிரம்பி வழியும். அப்போதும் அவன் "குந்து மாமு, தோ ஆச்சு" என்பானே தவிர, யாரையும் போகச் சொன்னதில்லை.

தாஸ் என்னோடு படித்தவன். எனக்குத் தாடி முளைத்த நாளிலிருந்து அது அவன் பொறுப்பு. சாதாரணத் தாடி என்று நினைத்துவிடாதீர்கள். காது தொட்டுக் காது வரை, ஒரு இடம் விடாமல் அடர்ந்த தாடி. எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, "தாடி வூடு" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். இங்கே கப்பல் பட்டறையிலும் அதே கதைதான். என் பெயர் வாயில் நுழையாதவர்கள் தங்கள் மோவாயைத் தடவிக் காட்டி என்னைத் தேடுவார்கள். தாடி இல்லாத நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

அந்தத் தாடிக்கு இந்த வருஷம் ஆபத்து வந்தது. வெல்டிங் புகைக்கு நாங்கள் போடும் மாஸ்க் முகத்தில் ஒட்டி உட்காருகிறதா என்று ஒரு சோதனை வைத்தார்கள். மாஸ்க்கை மாட்டி, தலைக்கு மேல் ஒரு உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். நாக்கில் கசந்தால் காற்று ஓரமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். எனக்கு முதல் பீய்ச்சலிலேயே வேப்பங்கொழுந்தை மென்றது போலக் கசந்தது. மேஸ்திரி ஹோல்கர் நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது. தாடியை எடு, இல்லை ஸ்டோர் ரூமுக்குப் போ என்றார். ஸ்டோர் ரூமில் போல்ட் எடுத்துக் கொடுக்கவா கடல் தாண்டி வந்தேன்? வெல்டிங்தான் என் தொழில், என் கெத்து.

எண்ணூரில் எண்ணெய் டாங்கிக்குள் இறங்கி வெல்டிங் அடித்த காலத்தில் எங்களுக்கு மாஸ்க் என்பது ஈரக் கர்ச்சீப்தான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அங்கே யாரும் என் தாடியைப் பற்றிக் கேட்டதில்லை, நுரையீரலைப் பற்றியும் கேட்டதில்லை. இதை நினைத்ததும் ஹோல்கர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மறுநாள் மாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். "ஓரம் படுகிற இடத்தில் முடி இருக்காது. உள்ளே, மோவாயில் மட்டும் இருக்கலாமா?" அவர் மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரம் தோலில் உட்கார வேண்டும். உள்ளே நீ தோட்டமே போட்டுக்கொள்" என்றார்.

ஆக, கன்னமும் தாடைக்கு அடியும் தினமும் மழமழவென்று இருக்க வேண்டும், மோவாய்த் தாடி கோடு போட்டது போல நிற்க வேண்டும். டிரிம்மர் மெஷின் முள்முடியை விட்டுவிடுகிறது. கடைக்குப் போனால் டெர்மீன். சரி, நாமே கத்தி பிடிப்போம் என்று முடிவெடுத்தேன். முப்பத்து நாலு வயதில் முதல் சவரக்கத்தி.

கத்திக் கடைப் பெரியவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். முழுசும் ஒரே எஃகு, கொம்புப் பிடி. தன் தாத்தா வைத்திருந்த இதே மாதிரிக் கத்தியில்தான் இன்றும் தான் சவரம் செய்வதாகப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் குமட்டியது. தாத்தா கழுத்தில் ஓடிய கத்தியா? கலீஜ்! எங்கள் ஊரில் நாற்காலியில் சாய்ந்ததும் முதல் வார்த்தையே "புது பிளேடு போடுப்பா" என்பதுதான். பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவதை நம் கண்ணால் பார்க்க வேண்டும். அதை அவருக்கு நடித்தே காட்டினேன். மீதிப் பாதி என்ன ஆகும் என்றார். அடுத்த ஆளுக்கு என்றேன். ஒரு அடி பின்னால் போய்விட்டார். அது யார் மேலும் படாத பாதி ஐயா என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

தாஸுக்கு வீடியோ கால் போட்டு அந்தக் கொம்புப் பிடிக் கத்தியைக் காட்டினேன். "அத்த வெச்சிட்டு வா மாமு. தோல் வார்ல தீட்டிக்கினே கெடக்கணும். நீ வேலைக்குப் போவியா, கத்தி தீட்டுவியா?"

கீழ் இழுப்பறையிலிருந்து பிளேடு மாற்றும் கத்திகள் மூன்றைப் பெரியவர் வேண்டாவெறுப்பாக எடுத்துப்போட்டார். ஒன்று கனம். ஒன்று பளபளப்பு, ஈரக்கையில் வழுக்கும். மூன்றாவது சாதாரணம்தான், ஆனால் சுண்டுவிரல் அதன் பின்பக்க வளைந்த வாலில் தானாகப் போய் உட்கார்ந்தது.

"பிளேடு எவ்ளோ வெளிய நிக்குது, காட்டு" என்றான் தாஸ். காட்டினேன். "கம்மியாத்தான் நிக்குது. அத்தயே எடு. உன் கைக்கு இரும்பு தெரியும், கன்னம் தெரியாது."

மறுநாள் குளியலறைக் கண்ணாடியில் போனைச் சாய்த்து வைத்தேன். "தோல இழுத்துப் புடி. கத்திய படுத்தாப்புல வையி. பயந்தியோ, வெட்டும்." பயமா? வெல்டிங்கில் ராடை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று இந்தக் கைக்குச் சொல்லித்தர வேண்டாம், கத்திக்கும் அதே பொறுமைதான். காதோரம் ஒரு கீறல், அவ்வளவுதான். "பரவால்ல, கடைல சேத்துக்கலாம் உன்ன" என்று தாஸ் சிரித்தான்.

மறுசோதனையில் உறைக்குள் ஹோல்கர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். தலையை ஆட்டினேன், குனிந்தேன், கொடுத்த தாளை உரக்கப் படித்தேன். கசக்கவேயில்லை. "குட்" என்று தோளில் தட்டினார். என் வெல்டிங் டார்ச் எனக்கே!

அந்தச் சந்தோஷத்தில் சாயங்காலமே அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இன்னாடா இது, கன்னத்தெல்லாம் வழிச்சிட்ட?"

"வேலைக்கும்மா. ஓரத்துல இருந்தது இந்த ஊர்க்காரனுக்கு. மோவாயில கீறது நம்மளுது" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. திரையில் தெரிந்த என் மோவாயை விரலால் தடவினாள்போல, படம் ஆடியது. "சரி நைனா, நம்மளுது எப்போ வூட்டுக்கு வரும்?"

திரையின் மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது, இந்த ஊர்க்காரனுடையது போல வழவழத்த கன்னமும் நடுவே கறுத்த மோவாயுமாக. லீவு நான் இன்னும் கேட்கவேயில்லை, கேட்டிருக்கிறேன் என்று பொய் சொல்லவும் மனமில்லை. மோவாயைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அம்மாவும் போனை வைக்கவில்லை.