வேலைக் கண்ணும் ரோட்டுக் கண்ணும்

என் மாமனாருக்கு இரண்டு கண்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர் அவற்றை இரண்டு பிள்ளைகளைப் போல வளர்த்தார். ஒன்று செல்லப்பிள்ளை, இன்னொன்று வேண்டாத பிள்ளை. வலது கண்ணுக்கு வேலைக் கண் என்று பெயர், இடது கண்ணுக்கு ரோட்டுக் கண். பெயர் வைத்தது அவரேதான். வேறு யாருக்கு மூளை இந்த மாதிரி வேலை செய்யும்?

அவர் ஒரு சாயப் பட்டறையில் கலர் மாஸ்டர். வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறத்தில் நூல் வேண்டும் என்பார்கள். பட்டறையில் கொஞ்சம் நூலைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, ஜன்னலோரம் கொண்டுவந்து நீட்டுவார்கள். இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். "நீலம் ஒரு சொட்டு தூக்கலா இருக்கு" என்பார். அவர் சரி என்று சொன்னால்தான் மொத்த நூலும் தொட்டியில் இறங்கும். வேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கெட்டிக்காரத்தனம் பட்டறை வாசலைத் தாண்டி வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்ததுதான் எங்கள் குடும்பத்தின் கஷ்டம்.

வீட்டிலிருந்து பட்டறைக்கு சைக்கிளில்தான் போவார். வழியில் ஜல்லி உடைக்கும் இடம் ஒன்று, பாதியில் நிற்கும் ஒரு மேம்பாலம், தார்ப்பாய் போடாமல் ஓடும் மணல் லாரிகள். காற்று அடித்தால் முகத்தில் உப்புக் காகிதம் தேய்த்த மாதிரி இருக்கும். மனுஷனாகப் பிறந்தவன் அந்த ரோட்டில் இரண்டு கண்ணையும் பாதுகாப்பான், அல்லது இரண்டையும் கடவுளிடம் விட்டுவிடுவான். இவர் மட்டும் நடுவழி கண்டுபிடித்தார். கைக்குட்டையை நான்காக மடித்து, தலையைச் சுற்றிச் சாய்வாகக் கட்டி, வலது கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். இடது கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுவார். தூசியோ பூச்சியோ எல்லாம் அதன் தலையெழுத்து. பட்டறைக்குப் போனதும் கட்டை அவிழ்த்து, முகம் கழுவி, இரண்டு கண்ணாலும் கலர் பார்ப்பார். ஆனால் பெருமை மட்டும் வலது கண்ணுக்கே.

தெருப் பிள்ளைகள் அவரை ஒண்ணரைக்கண்ணு என்று கூப்பிட்டார்கள். அதற்கும் அவர் அசரவில்லை. ஒரு நாள் ஓரமாக நின்றுகொண்டிருந்த குப்பை வண்டியில் போய் மோதினார். ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் சரியாகத் தெரியாது என்று நான் சொன்னதற்கு, வண்டி திடீரென்று குறுக்கே வந்துவிட்டது என்றார். வண்டிக்கு மாடும் இல்லை, என்ஜினும் இல்லை, ஆளும் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? இதில் இன்னொரு கூத்து, பட்டறையில் இரண்டு பேர் இவரைப் பார்த்து அதே மாதிரி கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மாஸ்டரே செய்கிறார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். சாயங்காலம் மூன்று பேரும் வரிசையாக சைக்கிளில் வந்தால் கப்பலைத் தொலைத்துவிட்ட கடற்கொள்ளைக்காரர்கள் மாதிரி இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. மருமகள் கண்ணாடிக் கடையில் இருக்க, மாமனார் கண்ணில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் கடையிலிருந்து பவர் இல்லாத கண்ணாடி ஒன்று செய்துகொண்டு வந்தேன். பக்கவாட்டிலும் மூடியிருக்கும், உடையாது. கூடவே நெற்றியில் கட்ட ஒரு துணிப்பட்டையும் தைத்தேன்.

"மாமா, இதைப் போட்டுக்கிட்டா ரெண்டு கண்ணுக்கும் தூசி வராது. பட்டையை நெத்தியில கட்டுனா வேர்வையும் உள்ள இறங்காது."

அவர் கண்ணாடியைக் கையில்கூட வாங்கவில்லை. "கலர் பாக்கிறவன் கண்ணு முன்னால கண்ணாடி வரக்கூடாதும்மா. கண்ணாடி பொய் சொல்லும்."

"ரோட்டுல என்ன கலர் பாக்கப் போறீங்க? லாரி டயரையா?"

"கண்ணு சொகுசு பழகிடும். அப்புறம் வேலைக்கு வராது."

"வேர்வை இறங்கினா எரியாதா?"

"நம்ம உடம்புலேருந்து வர்றதுதானே. அது கண்ணைக் கழுவிவிடும்."

உடம்பிலிருந்து வருவதெல்லாம் கண்ணுக்கு நல்லது என்றால் இன்னும் என்னென்னவோ ஊற்றலாமே என்று வாய் வரை வந்தது. அத்தை பக்கத்தில் இருந்தார், விழுங்கிக்கொண்டேன். அத்தை அவர் பங்குக்கு, "அவரு கண்ணு, அவரு இஷ்டம். விடும்மா" என்றார். என் கணவரைக் கேட்கவே வேண்டாம். அப்பா சொன்னால் இரவும் பகல்தான். "அப்பா இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டுறாரு" என்று தலையாட்டினார். இத்தனை வருஷமாக ஒரு முட்டாள்தனத்தைச் செய்தால் அது அனுபவம் ஆகிவிடும் போலிருக்கிறது இந்த வீட்டில். கண்ணாடி குளியலறை ஆணியில் தொங்கியது. நெற்றிப் பட்டை சைக்கிள் சீட் துடைக்கப் போயிற்று.

பிறகு ஒரு வெயில் நாளில் மணல் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது இடது கண் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"என்ன மாமா இது?"

"பூச்சி."

சைக்கிள் ஓட்டுகிற ஆண்களின் கண்ணில் விழுவதெல்லாம் பூச்சிதான். கல் விழுந்தாலும் பூச்சி, கூரை விழுந்தாலும் பூச்சி. துண்டை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். வழிகிற வேர்வையும் சேர்ந்து உள்ளே போயிற்று. தேய்க்காதீங்க மாமா, தண்ணி ஊத்திக் கழுவுங்க, டாக்டர்கிட்ட போகலாம் என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் செய்ததை நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. வழக்கம்போலக் கைக்குட்டையை மடித்தார். வழக்கம்போல வலது கண்ணை மூடிக் கட்டினார். சிவந்து வீங்கி, நீர் வடிகிற இடது கண்ணைத் திறந்துகொண்டு, அதே தூசி ரோட்டில் கிளம்பினார்! நான் சைக்கிள் கேரியரைப் பிடித்து நிறுத்தினேன்.

"கட்டுறதுதான் கட்டுறீங்க, இன்னைக்கு மட்டும் அந்தப் பக்கம் மாத்திக் கட்டுங்க மாமா."

"வேலைக் கண்ணுல தூசி படக்கூடாதும்மா."

"சரி, லீவு போடுங்க. டாக்டர்கிட்ட போகலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கட்டு போட்டுட்டா பட்டறையில தெரிஞ்சுடாதா? கலர் மாஸ்டருக்குக் கண்ணு போச்சுன்னு ஒருத்தன் சொன்னா போதும். முதலாளி அடுத்த ஆளைத் தேடிடுவாரு."

அப்போதுதான் அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கண் கெட்டுவிட்டது என்று ஊர் சொல்லக் கூடாது என்பதற்காகக் கண்ணையே கெடுத்துக்கொள்ள ஒரு ஆள் கிளம்பினால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேரியரை விட்டேன். மாமனாரைக் கட்டி இழுத்துப் போக முடியாதே.

அந்த வாரம் முழுக்க அப்படியே போய்வந்தார். தூக்கம் இல்லை, அதனால் சிவப்பு என்று பட்டறையில் சொன்னாராம். வார முடிவில் இமை ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. சீழ் வைத்து, வலி பொறுக்க முடியாமல் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றார். ஆட்டோவுக்குச் சொல்லுங்க என்றேன் என் கணவரிடம்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"உங்கப்பாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதி. ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

கண் டாக்டர் ஒரு பெண். மருந்து விட்டு, விளக்கை வைத்துப் பார்த்து, கருவிழியில் குத்திக்கொண்டிருந்த கல் துணுக்கை எடுத்தார். கடுகில் கால்வாசிகூட இருக்காது. புண் ஆழமாகப் போய்விட்டது, அன்றைக்கே வந்திருந்தால் ஒன்றுமே இல்லை என்றார். இடது கண்ணை மூடிக் கட்டுப் போட்டார்கள். அடுத்த கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நர்ஸ் அவரை எழுத்து அட்டைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"மேல இருந்து படிங்கய்யா."

"எதை?"

"முன்னால இருக்கிற அட்டையை."

"எந்த அட்டை?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். மாமனார் எரிச்சலோடு, "லைட்டைப் போடுங்கம்மா, இருட்டுல எப்படிப் படிக்கிறது?" என்றார்.

"லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

டாக்டர் திரும்பி வந்து வலது கண்ணைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கண்ணுல புரை நல்லா முத்திப்போச்சே. வருஷக்கணக்கா வளர்ந்திருக்கணும். ஒரு நாள்கூட உங்களுக்குத் தெரியலையா?"

எப்படித் தெரியும்? வருஷக்கணக்காக அவர் மூடியது வலது கண்ணைத்தான். இடது கண்ணை மட்டும் மூடி, வலது கண்ணால் உலகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேரியரைப் பிடித்து நிறுத்திய அன்று நான் சொன்னபடி கட்டை மாற்றிக் கட்டியிருந்தால் வாசல்படியிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும். கைக்குட்டைக் கதையை நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார், பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டார்.

"அப்போ பட்டறையில கலர் பாத்ததெல்லாம்?" என்று கேட்டார் மாமனார்.

"இப்ப கட்டுப் போட்டிருக்கோமே, அந்தக் கண்ணுதான் பாத்திருக்கும்" என்றார் டாக்டர்.

நல்ல கண்ணை ரோட்டில் வீசிவிட்டு, கெட்ட கண்ணைப் பட்டுத் துணியில் பொதிந்து வைத்திருந்தார் மனுஷன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அதற்கப்புறம் மணிக்கொரு தடவை கட்டை விலக்கிச் சொட்டு மருந்து, மாத்திரை, ஊசி. புண் ஆறியது. ஆனால் ஆறின இடம் கருவிழியின் நட்ட நடுவில் வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டால் நன்றாகப் பார்க்கலாம், உள்ளே நரம்பு எல்லாம் ஆரோக்கியமாக இருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் மாமனார் வாயைத் திறந்தார். "இந்தக் கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்தின கண்ணும்மா. இதையும் விட்டுட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

"காப்பாத்தினீங்களா? அதுல ஒண்ணுமே தெரியலையே!"

"மங்கலாத் தெரியுது. போகப் போகச் சரியாயிடும்."

போகப் போகச் சரியாகும் புரையை நான் எங்கள் கடையில்கூடக் கேள்விப்பட்டதில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை பையின் வாயைக் கசக்கிக்கொண்டிருந்தார். இந்த ஆள் இப்படியே எழுந்து வீட்டுக்கு வந்தால், மீதி ஆயுள் முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார், அதையும் வீம்போடு நடப்பார். திட்டுவதற்கென்று ஒரு கூடை வார்த்தை வைத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. எழுந்து போய் அவர் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன்.

"மாமா, என்னைப் பாருங்க. என் மூஞ்சி எப்படி இருக்கு, சொல்லுங்க."

அவர் தலையைத் தூக்கினார். இரண்டு கண்களும் என் பக்கம் திரும்பின.

"கோபமா இருக்கே."

"தெரியுதா?"

"இதென்ன கேள்வி? நீ எப்பவும் கோபமாத்தானே இருப்பே."

அத்தை அவர் தோளில் கை வைத்தார். "அவ அழுதுக்கிட்டு இருக்கா" என்றார்.

அவர் என் முகம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை நீட்டினார், கண்ணைச் சுருக்கினார், தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்தார். ஜன்னலோரம் நின்று நூலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உள்ள போய் தேதி கேட்டுட்டு வாம்மா" என்றார்.

நான் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனேன்.