ஒரே காவலாளியைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

நான் ஒரு பெரிய அரச மருத்துவமனையில் நிர்வாக உத்தியோகத்தர். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் வாசல் காவலாளி மார்க்கண்டு அண்ணை ஆட்களை உள்ளே விடுகிறார் என்று நான்தான் அறிக்கை எழுதினேன். ‘நம்பிக்கைக்கு உரியவரல்லர்’ என்றும் சேர்த்தேன். அதனால் அவரை வேலைக்கு வைத்திருந்த தனியார் காவல் நிறுவனத்தின் ஒப்பந்தம் போய், வேறொரு நிறுவனம் வந்தது.

முதல் நாள் காலை, புதுச் சீருடையில் அதே மார்க்கண்டு அண்ணை எனக்கு சல்யூட் அடித்தார்.

“அண்ணை, நீங்கள் எப்பிடி இஞ்சை?”

“கொம்பனி மாறினாலும் வாசல் தெரிஞ்ச ஆக்களைத்தானே எடுப்பினம், சேர். பதினொரு வருசச் சேவை போச்சு. இண்டைக்கு நான் புது ஆள்.”

பிறகு ஒரு தாளை நீட்டினார். புதிய நிறுவனம் கேட்ட நற்சான்றிதழ்.

“உங்களைவிட என்னை நல்லாத் தெரிஞ்ச ஆள் ஆர்? ஒருக்கா எழுதித் தாங்கோ.”

என் அறிக்கை அவருக்குத் தெரியுமா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நின்றபடியே ‘நம்பிக்கைக்கு உரியவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அன்று மாலை, தொண்டைமானாற்றிலிருந்து பஸ் ஏறி, பிளாஸ்க்கில் கஞ்சியோடு பிந்தி வந்த பெண்ணொருத்தியை அவர் உள்ளே விட்டதைக் கண்டேன். வேறு பக்கம் திரும்பி நடந்தேன். நான் எழுதிய இரண்டில் எது பொய் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.